மூன்றாம் மாடிக் கழுதை

…ஏறத் தெரிந்த கழுதைக்கு இறங்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் படத்தின் கதை, இதைப் போய் இரண்டு மணி நேரம் எப்படி இழுப்பார்கள் என்று எண்ணியவாறுதான் விடுதிக் காப்பாளரான அவள் கடைசி வரிசையில் கதவை ஒட்டிய இரும்பு நாற்காலியில் அமர்ந்தாள், ஆனால் இழுக்கிறார்கள், இனிக்க இனிக்க இழுக்கிறார்கள், மூன்று கல்லூரிப் பெண்கள் ஒரே ஒரு புகைப்படத்துக்காகக் கழுதையொன்றைத் தங்கள் விடுதியின் மூன்றாம் மாடிக்கு ஏற்றிவிட்டார்கள், அது ஏறியது, நின்றது, படிக்கட்டின் விளிம்பில் கழுத்தை நீட்டிக் கீழே பார்த்தது, இனி இந்தப் பிறவியில் இறங்குவதாக இல்லை என்று அந்தப் பார்வையிலேயே முடிவு செய்துகொண்டது, உடனே இந்தப் பொது அறை குலுங்கிச் சிரிக்கிறது, ஜன்னல்களில் பகல் வெளிச்சத்தை மறைக்கத் தொங்கவிட்ட போர்வைகள்கூடச் சிரிப்பில் அசைவது போலிருக்கிறது, சுவரில் கட்டியிருப்பது யாருடைய படுக்கை விரிப்போ, மடித்த தடம் நடுவே ஓடி, திரையில் வருகிற பெண்ணின் மூக்கை இரண்டாகப் பிரிக்கிறது… இதில் சிரிக்க என்ன இருக்கிறது? ஏன், எல்லாம்தான் இருக்கிறது, அவளுக்கே வாய் ஒரு பக்கமாகக் கோணுகிறது, ஆயினும் அவள் பார்ப்பது கழுதையை அன்று, திரைக்கு முன்னால் வரிசை வரிசையாகக் கறுத்துத் தெரிகிற தலைகளை, எந்தத் தலை சிரிப்பில் பின்னே சாய்கிறது, எது பக்கத்துத் தோளில் விழுகிறது, எது அசையாதிருக்கிறது என்பதை. அசையாத தலைகளைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவை தூங்குகின்றன, அல்லது கைப்பேசியில் இருக்கின்றன. எல்லோருக்கும் மேலாகச் சிரிக்கிற தலை ஒன்று மூன்றாம் வரிசையில் இருக்கிறதே, அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ரேடியோ. விடுதியில் அவளை அப்படித்தான் அழைக்கிறார்கள், காலையில் பல் துலக்கும்போது தொடங்கினால் விளக்கணைக்கும் வரை ஓயாத வாய், குளியலறை வரிசையில் நிற்பவர்களுக்கு வானிலை அறிக்கை வாசிப்பாள், ‘இரண்டாம் குழாயில் வெந்நீர் வர வாய்ப்புள்ளது, முதல் குழாயை நம்பியவர்கள் மூழ்கிப் போவார்கள்’ என்று, மின்தூக்கி பழுதான நாளில் அதற்கு உடல்நலம் வேண்டி வாசலில் பூங்கொத்து வைத்தாள், ஆய்வகத் தவளைகளிடம் மன்னிப்புக் கோரும் கடிதம் ஒன்றைத் தானே எழுதி, அவற்றின் சார்பில் தானே ஏற்றுக்கொண்டாள், அவள் நடந்து போனால் தாழ்வாரத்தில் ஒரு கதவு தவறாமல் திறக்கிறது, எல்லோருக்கும் அவள் வேண்டும், இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான், ‘விடுமுறைக்கு முந்தின ஞாயிறு, மேடம், நீங்களும் வரணும், வராட்டி கழுதைக்கு மனசு கஷ்டப்படும்’ என்று காப்பாளர் அறை வாசலில் நின்று கைகூப்பினாள். நாளை விடுமுறை. நாளை காலை பெட்டிகள் படியிறங்கும், கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும், ரேடியோவும் தன் ஊருக்குப் போவாள், இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வருவாள், வருவாள் அல்லவா, வராமல் என்ன, இதென்ன கேள்வி, எல்லோரும்தான் போகிறார்கள், வருகிறார்கள், போன ஆண்டும் இதே விடுமுறைக்கு எல்லோரும் போனார்கள், ஒருத்தியைத் தவிர எல்லோரும் வந்தார்கள்…

குடைக்காரி. மழையில்லாத நாளிலும் மஞ்சள் குடை, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்தும் விரித்த குடை, ஏன் என்று கேட்டால், ‘மேல்கூரைக்கு மனசு சரியில்ல மேடம், எந்நேரமும் அழுதுடும்’ என்பாள், கூடமே சிரிக்கும், அவளும் சிரிப்பாள், பார்வையிட வந்த கல்லூரி முதல்வரின் தலைக்கு மேலும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதும் உடன் நடந்தாள், முதல்வர் வியந்து நின்றபோது, இவள் காப்பாளர் என்ற பதவியின் கண்டிப்பு முழுவதையும் திரட்டி ‘குடையை மடக்குடி கழுதை’ என்று அதட்டினாலும், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாளே, அவளைப் போன்ற பெண்கள் இருப்பதால்தான் இந்த விடுதிச் சுவருக்கு உயிர் இருக்கிறது என்று தங்கையிடம் தொலைபேசியில் மகிழ்ந்து சொன்னாளே… அந்தப் பெண் விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள், மூன்றாம் நாள் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள், குடை இங்கே, கட்டிலின் கால்மாட்டில் மாட்டியபடி இருந்தது. காலை வகுப்புகளில் பழைய செய்யுள் கற்பிக்கிறவள் இவள், துயரத்துக்கு அடையாளம் உண்டு என்று எத்தனை ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறாள், வளை கழலும், நுதல் பசக்கும், தோள் மெலியும், உணவு கசக்கும், தோழி அதைக் காண்பாள், செவிலி அதைக் காண்பாள் என்று, ஆனால் அந்தப் பெண்ணின் கையில் எந்த வளை கழன்றது, இரண்டாம் முறை சோறு வாங்கித் தின்றாளே, கன்னம் பூரித்திருந்தாளே, பசலையின் இடத்தில் ஒரு மஞ்சள் குடை அல்லவா விரிந்திருந்தது, பசலை சிரித்துக்கொண்டு வந்தால் எந்தத் தோழியால் அடையாளம் காண முடியும்? செவிலியோ, அந்தப் பாடல்களில் பெண் போன பிறகுதான் வாய் திறக்கிறாள், சுடுகிற வழியில் எதிரே வருவோரையெல்லாம் நிறுத்தி, என் மகளைக் கண்டீர்களா என்று கேட்கிறாள், கண்டோம் என்று சொல்லவாவது அவளுக்கு ஆள் இருந்தது. இவளுக்கு எதிரே வந்தவள் அந்தப் பெண்ணின் அம்மா. பொருள்களை எடுத்துப் போக வந்தவள் அழவில்லை, கட்டிலில் உட்கார்ந்து குடையை மடியில் வைத்துக்கொண்டு, ‘இங்க எப்படி இருந்தா மேடம்? சந்தோஷமா இருந்தாளா?’ என்றாள், ‘எல்லாரையும் சிரிக்க வச்சுக்கிட்டே இருந்தாம்மா’ என்று இவள் சொன்னாள், சொன்னது பொய்யில்லை, அந்தத் தாய் மெல்லத் தலையாட்டினாள், ‘வீட்லயும் அப்படித்தான்’ என்றாள்.

திரையில் கழுதைக்கு வருகைப் பதிவு நடக்கிறது. போர்வைக்குள் அதைப் படுக்க வைத்து, காய்ச்சலில் கிடக்கிற தோழி என்று சொல்லிவிட்டார்கள், ஊதல் ஒன்றைக் கழுத்தில் தொங்கவிட்ட படத்துக் காப்பாளர் அம்மாள் போர்வைக்கு மேல் கைவைத்து, ‘ஐயோ, காது எப்படிச் சுடுது’ என்று இரக்கப்படுகிறாள், இங்கே இவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சமையல்கார அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ‘மேடம், அப்படியே உங்களை மாதிரியே இருக்கா, அந்த ஊதல் ஒண்ணுதான் குறைச்சல்’ என்று கிசுகிசுக்கிறாள், முன்வரிசைகளிலிருந்து நாலைந்து முகங்கள் திரும்பிப் பார்க்கின்றன, மேடம் கோபிக்கிறாளா என்று பார்க்கின்றன, அவள் உடனே சிரித்துக் காட்டுகிறாள், பல் தெரியச் சிரிக்கிறாள், முகங்கள் திரும்பிக்கொள்கின்றன, ரேடியோவின் முகம் மட்டும் ஒரு கணம் அதிகமாக நின்று திரும்புகிறது… நல்ல படம்தான், ஒரு காலத்தில் இத்தகைய படங்களுக்கென்றே அவள் தனியாக ரயிலேறிப் போயிருக்கிறாள், பெரிய கதை வேண்டாம், காதலன் வேண்டாம், ஒரு விடுதி, ஒரு கிறுக்கு யோசனை, உலகத்தில் எங்கும் பொருந்தாத இரண்டு மூன்று பெண்கள், அவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்கிற அந்த இடம் வந்தால் போதும், இருட்டில் உட்கார்ந்து நெஞ்சு நிறைந்துபோவாள், இந்தப் படத்திலும் ஒருத்தி கண்ணில் பட்டதற்கெல்லாம் பொத்தான் தைக்கிறாள், தலையணைக்கு, திரைச்சீலைக்கு, கழுதையின் சேணத்துக்கு, ஏன் என்று யாரும் கேட்பதில்லை, கேட்காததுதான் இந்தப் படங்களின் அழகு என்று முன்பெல்லாம் நினைத்திருந்தாள், இப்போது அந்த அழகைப் பார்க்கப் பார்க்கப் பொறுக்கவில்லை, கேளுங்களடி, யாராவது கேளுங்களடி, அவள் ஏன் இத்தனை பொத்தான் தைக்கிறாள், எது திறந்துகொண்டுவிடும் என்று அவளுக்கு இவ்வளவு பயம்… கேட்கமாட்டார்கள், அடுத்த காட்சியில் கழுதை சோப்பைத் தின்கிறது.

இவளாவது கேட்க வேண்டும், இன்றே கேட்க வேண்டும், நாளை காலை பெட்டி இறங்குவதற்கு முன் ரேடியோவைத் தனியே அழைத்து… அழைத்து என்னவென்று கேட்பது? நீ நன்றாக இருக்கிறாயா என்றா, நன்றாக இருக்கிறேன் என்பாள், உன் மனதில் என்ன இருக்கிறது என்றா, ‘நாளைய பஸ் டிக்கெட் இருக்கு மேடம்’ என்பாள், போன மாதம் துணி உலர்த்துமிடத்தில் ஒருமுறை துணிந்து, ‘ஏம்மா, எப்பவும் இப்படியே இருக்கியே, களைப்பா இல்லியா?’ என்று கேட்டதற்கு, ‘பேட்டரி பெரிய சைஸ் மேடம்’ என்று சொல்லி ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஓடினாள், ஓடியவளைப் பார்த்து இவளும் சிரித்தாள். சிரிக்க வைக்கிறவளிடம் எதுவும் கேட்க முடியாது, கேள்வியே முதலில் சிரித்துவிடுகிறது. காக்கிறவனே, காப்பாளர் என்று என் பெயருக்குப் பின்னால் எழுதிவைத்தார்களே, காப்பது நீயல்லவா, உறங்காத கண் உனக்கல்லவா, அந்த மூன்று நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்று ஒவ்வொரு விடியலிலும் கேட்டுக் கேட்டு, துதிப்பதற்கு உட்கார்ந்தால் வழக்காடிவிட்டு எழுகிறாள்… பிள்ளைகளோ அண்மைக்காலமாக அவளைத் தனியே இருக்கவே விடுவதில்லை, காலையில் ஒருத்தி ஊசி நூல் கேட்டு வருகிறாள், மாலையில் ஒருத்தி பல்லி என்று அலறிக்கொண்டு வருகிறாள், பல்லிக்குப் பயப்படுகிற பிள்ளையா அது, விலங்கியல் படிக்கிற பிள்ளை, சாப்பாட்டுத் தட்டோடு ஒருத்தி எதிரே வந்து உட்கார்ந்து, யானைக்கு முழங்கை உண்டா என்று கேட்கிறாள், ஒன்றுமறியாத குழந்தைகள், தாய்வீட்டை விட்டு வந்தவர்கள், இன்னும் கைப்பிடித்து நடக்க வேண்டியவர்கள் என்று நினைத்து அவளும் ஒவ்வொன்றுக்கும் சிரித்துப் பதில் சொல்கிறாள், யாரையும் அதட்டுவதில்லை, அதட்டுகிற தொண்டை அந்தப் பெண்ணோடு போய்விட்டது.

படம் நின்றுவிட்டது. கழுதையின் முகம் வாய் திறந்தபடி விரிப்பில் உறைந்திருக்கிறது, ‘யாருடி ஒயரை மிதிச்சது?’, ‘நான் இல்லப்பா, கழுதைதான்’, கூச்சலும் சிரிப்பும், யாரோ போர்வையொன்றை விலக்க வெயில் சதுரமாக உள்ளே விழுகிறது, கண்கள் கூசுகின்றன, அந்த வெளிச்சத்தில் ரேடியோ வரிசையிலிருந்து எழுந்து, பிஸ்கட் பொட்டலத்தை நீட்டியவாறே வந்து இரும்பு நாற்காலியின் அருகே தரையில் உட்கார்கிறாள், ‘மேடம், கழுதை உங்களை நலம் விசாரிச்சுது.’ ஏதாவது சொல்ல வேண்டும் என்று இவள் வாயெடுப்பதற்குள் முதலாண்டுப் பெண்ணொருத்தி, இரட்டைப் பின்னலும் கோபத்தில் உப்பிய முகமுமாக வந்து ரேடியோவின் முன் நின்றுவிட்டாள்.

“அக்கா, இது அநியாயம். இன்னிக்கு என் முறை.”

“போடி, அப்புறம் பேசலாம்.”

“என்னத்த அப்புறம்? பல்லிக்கும் நான்தான் போனேன், தொண்டை கிழிய கத்தினேன். இன்னிக்குப் படம் முடியிற வரைக்கும் மேடம் பக்கத்துல நான்னு நீதான் சொன்ன. நடுவுல நீயே வந்து உக்காந்துக்கிட்டா எப்படி?”

சமையல்கார அக்கா பாத்திரம் பார்க்க வேண்டிய நினைவு வந்தவளாக எழுந்து போய்விட்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது… ஊசி நூல், பல்லி, யானையின் முழங்கை, ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திரும்பி அவளைப் பார்க்கின்றன, கைப்பிடித்து நடத்தப்பட்டவர் யார், காவலிருந்தவர் யார், இத்தனை மாதமாக அவள் தலைகளை எண்ணிக்கொண்டிருந்த இருட்டில் தலைகள் அவளை எண்ணிக்கொண்டிருந்தனவா? முதலாண்டுப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நழுவினாள். ரேடியோ பிஸ்கட் உறையை மடித்துக்கொண்டே இருந்தாள், பாதியாக, அதில் பாதியாக.

“யாரு யோசனை இது?” என்று இவள் கேட்டாள்.

“சும்மா விளையாட்டுக்கு மேடம்…”

“உன்னைத்தான் கேக்கிறேன்.”

“என்னோடதுதான்.” குரல் தாழ்ந்திருந்தது. “நீங்க முன்னாடியெல்லாம் திட்டுவீங்க மேடம். குளியலறை விளக்கை அணைக்கலன்னா கட்டடமே அதிரும். குடைக்காரி அக்கா போனதுக்கப்புறம் நீங்க யாரையும் திட்டலை. எதைச் சொன்னாலும் சிரிக்கிறீங்க. நான் அன்னிக்கு வேணும்னே உங்க முன்னாடியே தண்ணி ஜாடியைத் தள்ளி உடைச்சேன், அப்பவும் சிரிச்சீங்க. எனக்குப் பயமாயிடுச்சு.”

பயமாயிடுச்சு… அந்த ஜாடி தவறி விழுந்தது என்றல்லவா நினைத்திருந்தாள், சில்லுகளைப் பெருக்கிவிட்டு ஏதோ வேடிக்கைகூடச் சொன்னாளே, நீரும் கொஞ்ச நேரம் விடுதலையாக இருக்கட்டும் என்று சொன்னாளே, சொன்னவளின் வாயில் அந்த நேரம் யார் பேசியது, குடை விரித்தவள் பேசிய பேச்சல்லவா அது. தன் முகத்தில் விரிந்திருந்ததைத் தான் காணவில்லை. இந்தப் பெண் கண்டிருக்கிறாள். இருபது வயது நிரம்பாதவள், செய்யுள் படிக்காதவள், கணக்குப் படிப்பவள், எப்படிக் கண்டாள்? நெஞ்சில் எதுவோ இளகி வருகிறது, நன்றி என்று அதற்குப் பெயர் சொல்லலாம், அழுகை என்றும் சொல்லலாம், ஆனால் அது தொண்டைக்கு வந்து சேர்வதற்குள் அதன் பின்னாலேயே மற்றொன்று, குளிர்ந்து, வழுக்கிக்கொண்டு… எப்படிக் கண்டாள்? சிரிப்பதைப் பார்த்து ஒருத்தி பயப்பட வேண்டுமென்றால் சிரிப்பின் உள்பக்கம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் அது சிரிப்பாகத்தானே தெரியும், முதல்வருக்குத் தெரிந்தது போல, அந்த அம்மாவுக்குத் தெரிந்தது போல, ஒரு வீட்டின் பின்கட்டு எப்படியிருக்கும் என்பது அதில் குடியிருப்பவளுக்கு அல்லவா தெரியும்…

போர்வையை மறுபடி இழுத்துவிட்டார்கள், வெயில் மறைந்தது, கழுதையின் வாய் மூடிக்கொண்டது. படத்துக் காப்பாளர் அம்மாள் விடுதியையே சோதனையிட வருகிறாள், ஊதல் கேட்கிறது, படிக்கட்டில் காலடி கேட்கிறது, மாடியிலிருந்து ஒவ்வொரு பெண்ணும் தன் மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறாள், இதுவரை அந்த மூவரைக் கண்டால் முகம் திருப்பியவர்கள்கூட வருகிறார்கள், படிகள்மேல் மெத்தைமேல் மெத்தையாக அடுக்கி ஒரு சரிவு கட்டுகிறார்கள், மூன்று மாடிக்கும், அறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. இவள் ரேடியோவை நோக்கிக் குனிந்தாள். எந்தச் சொல்லையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு வேடிக்கையும் தன் வாயில் ஏறிவிடாதபடி பல்லைக் கடித்திருந்தாள், அப்படியே கேட்டாள்.

“எனக்கு ஆள் போட்டே. சரி. உனக்கு யாரு முறை?”

“எனக்கு எதுக்கு மேடம், நான்தான்…” ரேடியோ ஏதோ சொல்லப் போனாள், வானிலையோ, பேட்டரியோ, உதடு அதற்கான வடிவத்துக்குக்கூட வந்துவிட்டது, ஆனால் வேடிக்கை வெளியே வரவில்லை. மடித்த உறை விரல்களுக்கிடையே இனி மடிக்க முடியாத அளவுக்குச் சிறுத்திருந்தது. திரையொளி அவள் முகத்தில் நீலமாகவும் வெள்ளையாகவும் மாறி மாறி விழுந்தது, அதிலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

“கழுதை,” என்று தொண்டை தானாகவே உயர்ந்தது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, முன்வரிசை வரை கேட்கும்படி உயர்ந்தது, “கேட்டா பதில் சொல்லணும். நாளைக்கு நீ தனியா பஸ் ஏறப் போறதில்ல, உங்க வீட்டுக்கு நானும் வரேன். பதில் சொல்லிட்டுத்தான் போவே.” நாலைந்து தலைகள் திரும்பின, ‘ஏய், மேடம் திட்டுறாங்கடி’ என்று யாரோ மகிழ்ச்சியோடு சொன்னார்கள், யாரோ கைதட்டினார்கள், சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் கேட்டிருக்கும், சமையல்கார அக்கா கதவிடுக்கில் தலையை நீட்டிவிட்டுப் போனாள். ரேடியோ மட்டும் கைதட்டவில்லை, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு திரையை நோக்கித் திரும்பிவிட்டாள்.

மெத்தைச் சரிவின் உச்சியில் கழுதை நிற்கிறது, பொத்தான் தைத்த சேணத்தோடு நிற்கிறது, கழுத்தை நீட்டிக் கீழே பார்க்கிறது, ஒரு காலை முன்னே வைக்கலாமா என்று யோசிக்கிறது, அறையில் ஒருவரும் அசையவில்லை… அப்போதே, கழுதை இன்னும் சறுக்கவில்லை, சறுக்கப் போகிறதா என்பதுகூட யாருக்கும் தெரியாத அந்த நொடியிலேயே ரேடியோ சிரித்துவிட்டாள், நிறைந்த, வட்டமான, எல்லோரையும் தொற்றிக்கொள்கிற சிரிப்பு, அதற்குப் பிறகுதான் கழுதை சறுக்கியது, அதற்கும் பிறகுதான் அறை வெடித்தது. ஒரு நொடி முந்திய சிரிப்பு. படத்தை முன்பே பார்த்தவளாக இருக்கலாம், அவள்தானே தேர்ந்தெடுத்தாள், எத்தனை முறை பார்த்தாளோ, யாரோடு பார்த்தாளோ, தனியாகவோ… கேட்கலாம், இப்போதே தோளைத் தொட்டுக் கேட்கலாம், ஆனால் இன்று காலையிலிருந்து இந்தப் பெண் சிரித்த சிரிப்புகளையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தாள், குளியலறை வரிசையில், துணி உலர்த்துமிடத்தில், காப்பாளர் அறை வாசலில், அவற்றில் ஒன்றாவது, ஒன்றே ஒன்றாவது, சிரிக்கத்தக்கது நடந்த பிறகு வந்ததா என்று.